இருக்கைத் தோலின் எடை

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் போர் விமானம் கிளம்பினால் கணியூரில் நிமிர்ந்து பார்க்காதவர் குறைவு. அங்கே பனியன் துணி வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டார்: “நாலு சீட்டு பழைய செஸ்னா விமானம் ஒன்னு வாங்கி, தோல் சீட்டு, கனமான கார்ப்பெட், ஏசி எல்லாம் போட்டுக்கிட்டா என்னங்க? காருக்குப் போடறோமுல்ல?”

போடலாம். ஆனால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று ஜிஎஸ்எம் பார்த்துத் துணி விற்கிறவர் இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடக் கூடாது. 180 ஜிஎஸ்எம் துணியைக் கையில் வாங்கியதுமே எடை சொல்லிவிடுவார். இருக்கைக்குப் போடும் தோல் சதுர மீட்டருக்கு 800, 900 கிராம் வரை போகும். அதற்கடியில் தடித்த நுரை, பக்கச் சுவரில் சத்தம் தடுக்கும் பஞ்சு. கதவு ரப்பர் தேய்ந்து மழைநீர் கசிந்தால் அந்தப் பஞ்சு தண்ணீரையும் குடித்து வைத்துக்கொள்ளும்.

செஸ்னா 172எஸ் விமானத்தின் உச்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 400 கிலோ. டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றினால் அதில் 144 கிலோ போய்விடும். ஆளுக்கு 80 கிலோ வைத்தாலும் நான்கு பேருக்கு இடம் பற்றாது. ஆக, புதிதாக ஏற்றும் மெத்தை ஒவ்வொன்றும் பெட்ரோலிலிருந்தோ ஆளிலிருந்தோ பிடுங்கிக்கொண்டதுதான்.

இதைவிடப் பெரிய விஷயம், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. எடைமேடையில் லாரியை ஏற்றினால் மொத்தக் கணக்கு வந்துவிடும்; விமானத்துக்கு அது பாதிக் கணக்கு. இந்த செஸ்னாவில் எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரிலிருந்துதான் தூரத்தை அளக்கிறார்கள். முழுச் சுமையோடு பறக்கும்போது எடை மையம் அங்கிருந்து 104 முதல் 120 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு சாணுக்கும் குறைவான இடம்! பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் பத்தே கிலோ கூட்டினால் மையம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பின்வாங்கும். எல்லை தாண்டினால் மூக்கு தானாக மேலே தூக்கும். அதை அடக்க வேண்டிய வால் சுக்கானுக்கும் எடை மையத்துக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்துபோவதால், பிடியும் தளரும்.

2003 ஜனவரி 8. அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 விமானம் கிளம்பிய கையோடு மூக்கை வெகுவாக மேலே தூக்கி விழுந்தது. 21 பேரும் இறந்தார்கள். சுக்கான் கம்பியைத் தவறாகப் பூட்டியது ஒரு காரணம். எடை மையம் பின் எல்லையைத் தாண்டியிருந்தது இன்னொன்று. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பயணிகளுக்குப் போட்ட சராசரி எடைதான் உண்மையைவிடக் குறைவு. பிறகு அந்தச் சராசரியை உயர்த்தினார்கள். அந்தக் காகிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

காகிதக் கணக்கை எடை மீறுவது நம் ஊரிலும் நடந்ததுதான். நம் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தின் சரஸ் விமானம், 2004 மே 29-இல் முதன்முதலாகப் பறந்தது. 4,125 கிலோவில் அடங்கும் என்று திட்டமிட்ட வெற்றெடை 5,118-இல் வந்து நின்றது. நிபுணர்கள் கையிலேயே எடை இப்படி ஏறுகிறது என்றால், இருபது வருடமாகக் கை மாறிக் கை மாறி வந்த விமானத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கும்? புதுக் கருவி மாட்டியவர் பழைய ஒயரைக் கழற்றாமல் விட்டிருப்பார். பழைய கார்ப்பெட்டின் மேலேயே புதியது ஒட்டியிருக்கும்.

ஆகவே கணியூர் நண்பரே, தோலையும் நுரையையும் தீச்சோதனையில் தேறியதாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண சோபா நுரை வேண்டவே வேண்டாம். அதற்கும் முன்னால் விமானத்தைச் சமதளத்தில் நிறுத்தி, மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு வைக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று எண்களும் எடை-சமநிலை அறிக்கையில் ஏறட்டும். தையல்காரரைப் பிறகு கூப்பிடலாம். வேலை முடிந்ததும் மறுபடி அதே மூன்று தராசு.

(தொடரும்)