பொம்மைக்கு ஒரு பட்டுப் புடவை

தசராவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மைசூரு வீடுகளில் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகள் இறங்கத் தொடங்கிவிடும். தமிழகத்தில் நாம் கொலு என்று அழைப்பதை இங்குள்ளோர் 'பொம்பெ ஹப்ப' என்பர். பொம்மைத் திருவிழா என்பது அதன் பொருள். மற்றப் பொம்மைகள் எத்தனை இருப்பினும், கொலுவின் நடுநாயகமாக வீற்றிருப்பவை 'பட்டத பொம்பெ' எனப்படும் அரசன், அரசி இணைப் பொம்மைகளே. நமது மரப்பாச்சியைப் போல மரத்தில் செதுக்கப்படும் இவற்றைத் திருமணத்தின்போது பெற்றோர் மகளுக்குச் சீராக அளிப்பது இப்பகுதி மரபு. நவராத்திரிதோறும் இவற்றுக்கு ஆடை அணிகலன்கள் பூட்டி அலங்கரிப்பர்.

பணிமாற்றம் பெற்று மைசூருக்கு வந்த முதல் ஆண்டில், அண்டை வீட்டு அஜ்ஜி தம்முடைய பட்டத பொம்பெக்களை என் கையில் கொடுத்தார். "கண்புரை அறுவை முடிந்து இன்னும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இந்த ஆண்டு நீயே தைத்துக் கொடம்மா" என்றார். வணிகவியல் பட்டம் பெற்று, அதுவரை எண்களோடு மட்டுமே பழகியிருந்த எனக்குச் சட்டைப் பொத்தான் தைப்பதற்கு மேல் எதுவும் தெரியாது. ஒன்பது அங்குல உயரமுள்ள அந்த அரசிக்கு நான் தைத்த முதற் புடவை கொசுவம் நில்லாமல் சரிந்தது. அரசரின் தலைப்பாகையோ அவர் கண்களை மறைத்தது. அஜ்ஜி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். இரண்டாம் முறை கொசுவம் நின்றது. அன்று பிடித்த ஊசியை இன்றளவும் நான் விடவில்லை.

பட்டு கற்பிக்கும் பொறுமை

பொம்மை ஆடைக்கு அஜ்ஜி புதுத் துணி வாங்குவதில்லை. மடிப்பில் இற்றுப்போன பழைய மைசூருப் பட்டுப் புடவையே அவருக்குப் போதும். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், 1912ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்திலிருந்து தருவித்த தறிகளைக் கொண்டு இந்நகரில் பட்டு நெசவாலை தொடங்கப்பட்டது. இன்று அது கர்நாடகப் பட்டுத் தொழிற் கழகத்தின் பொறுப்பில் மானந்தவாடி சாலையில் இயங்கி வருகிறது. முறுக்கேற்றிய பட்டிழையில் நெய்யப்படும் கிரேப் வகைப் புடவை அதன் தனிச்சிறப்பு.

அப்பட்டின் வழவழப்பு உடுத்துவோருக்கு இன்பம், தைப்போருக்குச் சோதனை. கத்தரி பட்டதும் ஓரம் பிரியும். ஊசி குத்தும் முன்பே துணி நழுவும். ஆகவே, முதலில் மெல்லிய பருத்தித் துணியொன்றை அடியில் வைத்து, நீண்ட ஓட்டுத் தையலால் இரண்டையும் தற்காலிகமாகப் பிணைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மெல்லிய ஊசியும் ஒற்றை இழை நூலும் கொண்டு, ஓரத்தை இருமுறை மடித்து ஹெம்மிங் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் ஓட்டுத் தையலை உருவிவிடலாம். சரிகைக் கரையைக் குறுக்கே துண்டாடாமல், நீளவாக்கில் பிரித்தெடுத்துப் பொம்மைப் புடவைக்குக் கரையாக வைக்க வேண்டும்.

பொம்மையில் தொடங்கிய கை, அடுத்துத் தலையணை உறைக்கும் மெத்தை விரிப்புக்கும் சென்றது. பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையலிட்டுப் போர்வையாக்கும் 'கௌதி' என்னும் கலை கர்நாடகத்தில் நெடுங்காலமாக உண்டு. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள், போர்வையின் ஓரத்தில் தையலைத் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வருவர். நான்கு மூலைகளிலும் வண்ணத் துணிமடிப்புகளைப் பூப்போலப் பதித்த பின்பே போர்வை நிறைவு பெற்றதாகக் கொள்வர்.

குரோஷா ஊசி பிடிப்போரும் இவ்வார்வத்தில் குறைந்தவர் அல்லர். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், தத்தம் வீடுகளில் பின்னிய துண்டுகளை ஒன்றிணைத்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தனர். ஒருவர் மடியில் அடங்கும் சிறு பின்னல், பலர் கூடும்போது திடலை நிறைக்கும் என்பதற்கு இது சான்று.

ஒரு வாடிக்கையாளரின் கேள்வி

தையல் கற்றபின், வங்கிக்கு வரும் தையற்காரர்களின் பேச்சை முன்னிலும் கூர்ந்து கேட்கத் தொடங்கினேன். சென்ற ஆண்டு வாடிக்கையாளர் ஒருவர் மின்விசைத் தையல் எந்திரம் வாங்கக் கடன் கேட்டு வந்தார். பழம்பட்டில் மெத்தைத் திண்டு உறைகள் தைப்பவர் அவர். "உறைகள் நன்றாக விற்கின்றன மேடம். ஆனால், கையில் காசு நிற்பதில்லை. எந்திரம் இருந்தால் நிற்கும் அல்லவா?" என்று கேட்டார்.

தையல் எந்திரத்துக்கும் கடனுக்கும் உள்ள உறவு பழைமையானது. ஐசக் சிங்கர் தம் எந்திரத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851இல். அதன் விலை சுமார் 100 டாலர். எளிய குடும்பங்களுக்கு எட்டாத தொகை. 1856இல் அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைப் புகுத்தினார். சிறு முன்பணம் செலுத்தி எந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று, அதில் தைத்துக்கொண்டே மீதியைச் செலுத்தலாம் என்ற ஏற்பாடு விற்பனையைப் பன்மடங்காக்கியது. எந்திரமயத்தைக் கடிந்துரைத்த காந்தியடிகளும் தையல் எந்திரத்தை விதிவிலக்காகவே கருதினார்.

ஆயினும், கடன் விண்ணப்பத்தை நிரப்பும் முன், ஒரு தாளில் அவருடைய கணக்கை இருவரும் எழுதிப் பார்த்தோம். ஓர் உறைக்கு லைனிங் துணி 40 ரூபாய், ஜிப் 15, நூல் 10, பொதிவும் போக்குவரத்தும் 20. ஆக 85 ரூபாய். விற்கும் விலை 150. மீதம் 65 ரூபாய். தைக்க ஆகும் நேரம் மூன்று மணி. அதாவது மணிக்கு 22 ரூபாய்க்கும் குறைவு. "உங்கள் கூலியை எங்கே எழுதுவது?" என்று கேட்டேன். "வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே மேடம், பொழுதுபோக்குக்குக் கூலி ஏது?" என்றார்.

அவருடைய இடர்ப்பாடு அந்தச் 'சும்மா'வில்தான் இருந்தது. ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதியில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1982இல் நூலொன்று வெளியிட்டார். அயல்நாட்டுச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்களை ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகளாகவே பிறர் கருதினர். அவர்களும் தம்மை அவ்வாறே எண்ணினர். உழைப்பு என்ற பெயர் கிட்டாததால் உரிய கூலியும் கிட்டவில்லை.

இதற்கு மாறான செய்தி நம் நாகர்கோவிலில் உண்டு. 1819இல் அங்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் தம் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவ்வூர் வழக்கில் அது 'ரேந்தை'. பின்னலுக்கு உரிய காசு பின்னியவர் கையிலேயே சேர்ந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி நீங்கும் முன்பே, அடிமைக் குடிகளில் பிறந்த பெண்கள் சிலர் ரேந்தை பின்னி ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றனர். அதே நூல், அதே விரல்கள்; கணக்கு மட்டுமே வேறு.

தைப்போர் கருத்தில் கொள்ள வேண்டியவை

உங்களுக்காகவோ உற்றாருக்காகவோ தைக்கும்போது மணிக்கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. அந்நேரம் நீங்கள் தரும் அன்பளிப்பு. ஆனால், விலைக்கு விற்கும் முதற் பொருளிலிருந்தே கீழ்க்காணும் வழக்கங்களைக் கைக்கொள்வது நன்று.

ஒரு பொருளைத் தைக்க ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். மூலப்பொருட் செலவோடு உங்கள் ஊரின் தையற் கூலியையும் சேர்த்தே விலையை முடிவு செய்யுங்கள். பழம்புடவை இலவசமாகக் கிடைப்பினும், துவைத்துப் பிரித்துத் தேய்க்கும் நேரத்தை மறவாதீர்கள். விற்பனைத் தொகையை வீட்டுச் செலவுக் கணக்கில் கலவாமல், உங்கள் பெயரிலேயே தனிச் சேமிப்புக் கணக்கொன்றில் செலுத்துங்கள். ஆறு மாத வரவு செலவு தெளிவான பிறகு கடனைப் பற்றி எண்ணுங்கள்.

அப்போது உதவத் திட்டங்கள் உண்டு. பிரதமரின் முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ள 18 தொழில்களுள் தையலும் ஒன்று. தகுதியுடைய தையற் கலைஞர்களுக்குப் பயிற்சியும், கருவிகளுக்கு 15,000 ரூபாய் ஊக்கத் தொகையும், 5 விழுக்காடு வட்டியில் முதற்கட்டமாக ஒரு லட்சம் ரூபாய் வரை கடனும் இதில் கிடைக்கும். தகுதி விதிகளை அருகிலுள்ள வங்கிக் கிளையில் கேட்டறிந்து விண்ணப்பிக்கலாம்.

அந்த வாடிக்கையாளர் அன்று கடன் வாங்காமலே சென்றார். உறையின் விலையை 280 ரூபாயாக உயர்த்தினார். வாங்குவோர் சிலர் விலகினர். விற்பனை எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எனினும் கையில் நின்ற தொகை கூடியது; இரவில் கண் விழித்துத் தைப்பதும் நின்றது. எட்டு மாதங்கள் கழித்து எந்திரக் கடனுக்காக மீண்டும் வந்தபோது, அவருடைய கைப்பையில் நாள்வாரியாக எழுதிய கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. அவ்விண்ணப்பத்தைப் பரிந்துரைக்க எனக்குச் சிறிதும் தயக்கம் எழவில்லை.

இவ்வாண்டும் அஜ்ஜியின் பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. அவர் பார்வை தெளிந்துவிட்டது. ஆயினும் புடவை தைக்கும் பொறுப்பை என்னிடமே விட்டிருக்கிறார். அரசிக்குப் பச்சைப் பட்டு, அரசருக்குச் சரிகைத் தலைப்பாகை. இதற்கு நான் கூலி கேட்கப்போவதில்லை. எனினும், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை மட்டும் பழக்கத்தால் குறித்து வைப்பேன்.