தூங்காத காது

"கூப்பிடுறதுக்கு முன்னாடியே எனக்கு முழிப்பு வந்துடுது." வயதான அப்பாவையோ அம்மாவையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களிடம் பேசினால், இந்த வார்த்தை எப்படியும் வந்துவிடும். கூடத்துக் கட்டிலில் அம்மா புரண்டு படுத்தால் போதும், பக்கத்து அறையில் மகள் எழுந்து உட்கார்ந்திருப்பாள். அதே ராத்திரியில் தெருவில் லாரி போயிருக்கும், நாய்கள் குரைத்திருக்கும், பக்கத்து வீட்டு மோட்டார் ஓடியிருக்கும். எதற்கும் அவள் அசைந்திருக்க மாட்டாள். தண்ணீருக்குக் கை நீட்டும்போது எவர்சில்வர் டம்ளர் ஸ்டூலில் உரசுமே, அந்தச் சின்னச் சத்தத்துக்கு எழுந்துவிடுவாள்.

பாசம் என்று சொல்வோம். பாசம்தான். ஆனால் அது மூளைக்குள் எந்த வழியாக வேலை செய்கிறது என்று தேடிப்போனால், பகலெல்லாம் அவளை வாட்டும் அசதிக்கும் எரிச்சலுக்கும் அங்கேயே விடை கிடைக்கிறது.

1960-இல் பிரிட்டனில் இயன் ஆஸ்வால்டும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். தூங்குகிறவர்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி, டேப்ரெக்கார்டரில் பதிந்த பெயர்களை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டார்கள். பல பெயர்கள் வந்து போயின. தூங்குகிறவரின் சொந்தப் பெயர் வந்தபோது, மூளையின் மின் அலை வரைபடத்தில் ஒரு பெரிய அலை சட்டென்று எழுந்து விழுவது மற்றப் பெயர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. கே-காம்ப்ளெக்ஸ் என்று அதைச் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே குரல், ஒரே டேப். வித்தியாசம் பொருளில்தான். தூங்கும் மூளை சத்தத்தைக் கேட்டதோடு நிற்காமல், யார் பெயர் என்றும் பார்த்திருக்கிறது.

காதுக்கு இமை கிடையாது. ஒலி உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கிறது. அதை மேலே அனுப்புவதில் பெரும்பங்கு மூளையின் நடுவிலுள்ள தலாமஸுக்கு. தூக்கத்தின்போது தலாமஸிலிருந்து ஸ்பிண்டில் எனப்படும் குறுகிய அதிர்வுகள் கிளம்புகின்றன. நொடிக்கு 11 முதல் 16 துடிப்புகள். ஒன்றிரண்டு நொடியில் அடங்கிவிடும். 2010-இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வொன்றில், அமைதியான இரவில் ஸ்பிண்டில்கள் அதிகம் காட்டியவர்கள், சத்தம் நிறைந்த அடுத்த இரவுகளிலும் கலையாமல் தூங்கினார்கள். வயது ஏற ஏற இந்த அதிர்வுகள் குறைகின்றன. பெற்றவர்களுக்கு எண்பது ஆகும்போது பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கே ஐம்பது, ஐம்பத்தைந்து ஆகிவிடுகிறது. சத்தத்தை மறிக்கும் இந்தத் தடுப்புச் சுவர் மெலியத் தொடங்கிய வயதில்தான் இரவுக்காவல் வந்து சேர்கிறது.

எழுப்பினால் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் எழுப்பாத இரவிலும் தூக்கம் கெடுகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. 1988-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் டோர்ஸ்வாலும் ஓகர்ஸ்டெட்டும் கப்பல் எஞ்சினீயர்களின் தூக்கத்தை அளந்தார்கள். இயந்திர அறையில் கோளாறு என்றால் அறையில் அலாரம் அடிக்கும். முறை வைத்திருப்பவர் எழுந்து ஓட வேண்டும். முறை இருந்த இரவுகளில் அவர்களுடைய தூக்கம் குறைந்தது, ஆழ்ந்த தூக்கமும் குறைந்தது, இதயத் துடிப்பு கூடியது. அலாரம் அடித்ததால் மட்டும் வந்த கேடல்ல. அலாரம் அடிப்பதற்கு முந்தைய மணிநேரங்களிலேயே தூக்கம் மேலோட்டமாகிவிட்டிருந்தது. 'கூப்பிடலாம்' என்ற எண்ணமே போதுமாக இருந்தது.

ஜெர்மனியில் யான் பார்னின் குழு 1999-இல் கண்டது இதைவிட நுட்பமானது. ஆறு மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிப் படுக்கவைத்தவர்களின் ரத்தத்தில், ஐந்து மணி வாக்கிலேயே ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கியது. கார்டிசாலைச் சுரக்கச் சொல்லி அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன் அது. ஒன்பது மணிக்கு என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கே எழுப்பியபோது அப்படி முன்கூட்டி ஏறவில்லை. தூங்கும் உடம்பு நேரம் பார்த்துத் தயாராகிறது. பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களிடம் செய்த சோதனை இல்லை இது. ஆனாலும் தினம் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிற மகனின் உடம்பு ஒன்றரை மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கும் என்று ஊகிக்க, இது எனக்குப் போதுமானதாகப் படுகிறது.

"நடுவுல ரெண்டு மூணு தடவை எழுந்திருப்பேன், மத்தபடி எட்டு மணி நேரம் படுக்கையிலதானே இருக்கேன்" என்று சொல்பவர்கள் உண்டு. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் 2014-இல் மாணவர்களிடம் இந்தக் கணக்கைச் சோதித்தார்கள். ஒரு குழு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கியது. இன்னொரு குழு எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தது. ஆனால் நான்கு முறை போன் அடித்து எழுப்பி, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிட வேலை கொடுத்தார்கள். காலையில் இரண்டு குழுவுக்கும் கவனமும் மனநிலையும் ஏறத்தாழ ஒரே அளவு சரிந்திருந்தன. ஒரே ஒரு இரவுக்கே இப்படி.

இதில் பெரிய ஆபத்து, சரிவு நமக்கே தெரியாமல் போவது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் தடுமாற்றம், இரண்டு இரவுவரை கண்ணே மூடாதவர்களின் தடுமாற்றத்துக்கு ஈடாகிவிட்டது. ஆனால் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று கேட்டபோது, அவர்கள் சொன்ன பதில் சில நாட்களிலேயே ஒரு மட்டத்தில் நின்றுவிட்டது. 'பழகிடுச்சு' என்கிறோமே, அது இந்த நிலைதான். காலை மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் மாறுவதும், அடுப்பில் பால் பொங்கி வழிவதும், சிக்னலில் ஸ்கூட்டரோடு ஒரு கணம் கண் செருகுவதும் பழகிப்போனவர்களுக்குத்தான் நடக்கின்றன.

இந்தப் பொறுப்பின் சுமையை உடம்பு வேறு இடங்களிலும் எழுதிவைக்கிறது. 1995-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர், அல்சைமர் வந்த உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களின் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு புண் ஏற்படுத்தி, அது ஆறும் நாட்களை எண்ணினார். அதே வயதுடைய, அந்தப் பொறுப்பில்லாத 13 பெண்களைவிட இவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. தோல் மூடுவதற்குத் தேவையான நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலையை நீண்டநாள் மனஅழுத்தம் தாமதப்படுத்துகிறது.

இதைப் படித்துவிட்டு, பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வதே உடம்புக்குக் கேடு என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. 2013-இல் அமெரிக்காவில் டேவிட் ராத் குழுவினர், குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் 3,503 பேரை, பல வகையில் அவர்களை ஒத்த, அந்தப் பொறுப்பில்லாத 3,503 பேரோடு ஒப்பிட்டார்கள். ஆறு ஆண்டுகளில் பார்த்துக்கொள்பவர்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைவாக இருந்தது. கவனித்துக்கொள்வது ஆளைக் கொல்வதில்லை. மாற்று ஆளே இல்லாமல் ஒருவரே எல்லா இரவும் காவல் இருப்பதுதான் ஆளைத் தின்கிறது என்பது என் எண்ணம்.

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது, பெரியவர் ஏன் எழுந்திருக்கிறார் என்பதை. நம் வீடுகளில் அதற்குப் பதில் பெரும்பாலும் ஒன்றே: சிறுநீர். இளவயதில் இரவு வந்ததும் மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகங்களை அடக்கி வைக்கிறது. ஒருநாள் சிறுநீரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இரவில் சேரும். வயதானால் அந்த இரவு ஏற்றம் மங்கிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் இரவில் வரலாம். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பகல் முழுக்க டிவி முன்னால் நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவின் கணுக்காலில், துவைத்துக் கொடியில் போட்ட வேட்டியின் கீழ்க்கரையில் நீர் இறங்கித் தங்குவதுபோல நீர் இறங்கித் தங்குகிறது. ஒன்பது மணிக்கு அவர் மட்டமாகப் படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது. இதயம் அதைச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. பதினொன்றுக்கு ஒருமுறை, ஒன்றரைக்கு ஒருமுறை, மூன்றுக்கு ஒருமுறை வாக்கரின் சத்தம்.

கணுக்காலைக் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நிற்கிறதென்றால் அங்கே நீர் இருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுத்தால், ராத்திரி இறங்க வேண்டியதில் ஒரு பகுதி மாலையிலேயே இறங்கிவிட வாய்ப்புண்டு. ஓர் அளவுக் குவளையும் ஒரு நோட்டும் எடுத்து, மூன்று நாள் எப்போது எவ்வளவு போகிறது என்று எழுதிக் கொண்டுபோனால், மருத்துவருக்கு அது பெரிய உதவி. சுகரா, புராஸ்டேட்டா, இதயமா, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் நோயா என்று பிரித்துப் பார்க்கவும், நீர் மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று முடிவுசெய்யவும் அந்த நோட்டு பயன்படும். மாத்திரை நேரத்தை நாமாக மாற்றக் கூடாது.

பெரியவர் தூங்கட்டும் என்று இருமல் சிரப்பையோ சளி மாத்திரையையோ கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அவற்றிலுள்ள பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் முதியவர்களுக்குச் சிறுநீரை அடைக்கும், மனக்குழப்பத்தைக் கூட்டும். தூக்கத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் தடுக்கி விழவைக்கும். இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பிறகு யாருக்கு எந்த இரவில் தூக்கம்?

மறதிநோய் உள்ள வீடுகளில் கதை வேறு. சாயங்காலம் ஆனதும், சொந்த வீட்டிலேயே பையைத் தூக்கிக்கொண்டு "வா, வீட்டுக்குப் போலாம்" என்று வாசலுக்கு வருவார் அம்மா. கண்களுக்குப் பின்னால், ஹைப்போதலாமஸில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து உடம்பின் இரவு பகலை ஓட்டுகிறது. அல்சைமர் நோய் அந்தக் கொத்தையும் அரிக்கிறது. அதற்கு நேரம் சொல்வது வெளிச்சம், குறிப்பாக நீலம் மிகுந்த பகல் வெளிச்சம். வயதான கண்ணின் வில்லை மஞ்சளாகி அந்த நீலத்தைத்தான் தடுக்கிறது. டியூப்லைட் எரியும் உள்ளறையில் கிடைப்பது சில நூறு லக்ஸ். காலையில் வெளியே நிழலில் உட்கார்ந்தாலே பல ஆயிரம் லக்ஸ். திண்ணையில் பொழுதைக் கழித்த தலைமுறைக்குக் கேட்காமலே கிடைத்தது இது. நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், பகலில் பிரகாசமான விளக்குகளை எரியவிட்டதால் மனச்சோர்வும் நினைவுச் சரிவும் ஓரளவு குறைந்தன. ஓரளவுதான். ஆனால் பக்கவிளைவுக்குப் பயப்படாமல் நாளைக் காலையே செய்யக்கூடியது, காபியை வாசலில் வைத்துக் கொடுப்பது.

இவ்வளவு செய்தாலும் காவல் இருந்துதான் ஆக வேண்டும். காலிங்பெல் வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பார்கள். அந்தக் கப்பல் எஞ்சினீயர்களுக்கும் அலாரம் இருந்தது, ஆனாலும் தூக்கம் கெட்டது. இன்றைக்கு உன் முறை இல்லை என்று மூளை நம்பினால்தான் அந்தக் காது அடங்கும். ஆகவே முறை மாற்றிக்கொள்வது பெயருக்கு இருந்தால் போதாது. அண்ணனோ தங்கையோ ஹோம் நர்ஸோ, ஒருவர் பொறுப்பேற்கும் இரவில் மற்றவர் சத்தம் கேட்காத தூரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். "நீ தூங்கு, ஏதாச்சும்னா எழுப்புறேன்" என்று சொல்லிக்கொண்டே அதே கூடத்தில் படுப்பது முறை மாற்றம் ஆகாது.

முழு இரவுக்கு ஆள் கிடைக்காத வீடுகள்தான் அதிகம். அங்கே இரவைப் பிரித்துக்கொள்ளலாம். 1981-இல் மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற ஆய்வாளர்கள், தினமும் ஒரே நேரத்தில் நான்கு மணி நேரம் உறுதியாகத் தூங்கி, மீதியை எந்த நேரத்தில் தூங்கினாலும் உடலின் நாள்கணக்கு பெரிதும் குலையாமல் நிற்கிறது என்று காட்டினார்கள். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முன்னிரவிலேயே முடிந்துவிடும். எனவே பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை வீட்டுக்காரரோ காலேஜ் போகும் பிள்ளையோ விழித்திருந்து பார்த்துக்கொண்டால், அந்த மகளுக்கு மிகவும் தேவையான தூக்கம் கிடைத்துவிடும். இரண்டு மணிக்கு மேல் அவள் எழுந்து பார்க்கட்டும். மதியம் இருபது நிமிடம் படுக்கட்டும். உதவி கேட்பதில் நம் பெண்களுக்கு இருக்கும் தயக்கத்தை அறிவேன். பிள்ளைகளும் ஆண்களும் அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் அந்த நான்கு மணி நேரத்தைத் தாமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றவர் போன பிறகும் பலருக்கு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துகொண்டே இருக்கிறது. தூக்கமின்மையைத் தொடங்கிவைத்த காரணம் ஒன்று, நீட்டித்து வைக்கும் காரணம் வேறு என்று விளக்கியவர் தூக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மன். விழித்தபடி படுத்திருந்து படுத்திருந்து, படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது. அதை மறக்கவைக்கும் சிகிச்சை உண்டு. தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துபோய், கண் செருகும்போது மட்டும் திரும்பி வருவது. தூங்கும் நேரம் ஐந்தரை மணி என்றால் படுக்கும் நேரத்தையும் அந்த அளவுக்குச் சுருக்குவது. தூக்கம் நிறைந்ததும் கால் மணி கால் மணியாகக் கூட்டுவது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த முறையையே முதலில் தரச் சொன்னது. வண்டி ஓட்டுபவர்களும் வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் கண்ணைக் கட்டும்.