உப்புப் பாத்தியும் ஒளிப் படலமும்

இடையஞ்சாவடியிலிருந்து கிழக்கே இறங்கிக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், மரக்காணத்து உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கக் காணலாம். பாத்தியில் தேங்கிய உவர்நீரைக் கதிரவன் வற்றச் செய்ய, உப்பு மணி மணியாக விளைகிறது. பருவம் தப்பி ஒரு மழை பெய்துவிட்டாலோ, பட்ட பாடெல்லாம் கரைந்து போகிறது.

சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் புதிய பொருளொன்றின் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே. அதன் பெயர் பெரோவ்ஸ்கைட். உரால் மலையில் கிடைத்த ஒரு கனிமத்திற்கு 1839-ஆம் ஆண்டில் குஸ்தாவ் ரோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சூட்டிய பெயர் அது. அக்கனிமத்தின் படிக அமைப்பை ஒத்த செயற்கை உப்புக்களே இன்று மின்கலத்திற்குப் பயன்படுகின்றன. 2009-இல் ஜப்பானியப் பேராசிரியர் மியாசாகாவின் குழுவினர் செய்த கலம், தன்மீது விழுந்த ஒளியில் 3.8 விழுக்காட்டையே மின்சாரமாக்கியது. இன்றோ ஆய்வுக்கூடச் சிறு கலங்கள் 26 விழுக்காட்டைக் கடந்துள்ளன.

இதனால் எளிய குடும்பத்திற்கு என்ன நன்மை என்று கேட்கத் தோன்றும். நாம் அறிந்த சிலிக்கன் பலகை கண்ணாடி போர்த்தது. சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளது. கீற்றுக் கூரை அதனைத் தாங்குமா? பெரோவ்ஸ்கைட்டையோ நீர்மமாகக் கரைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மைபோலப் பூசலாம். சிலிக்கனை உருக்க 1,400 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். இப்பூச்சு உலர்வதற்கு 100 முதல் 150 பாகை வரை போதும். செய்தித்தாள் அச்சாவதுபோல், சுருளிலிருந்து சுருளுக்குத் தாள் ஓட ஓடக் கலம் உருவாகும்.

இடர்ப்பாடும் அங்கேதான் உள்ளது. நகக்கண் அளவுத் துண்டில் சீராகப் பூசுவது எளிது. பல மீட்டர் நீளத் தாளில் எளிதன்று. பூச்சின் கனமோ தலைமயிரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓரிடம் முந்தியும் ஓரிடம் பிந்தியும் உலர்ந்தால் படிகங்கள் ஒழுங்கிழக்கும். நுண்துளை விழுந்தால் மின்சாரம் வீணாகும். வெப்பத்தைக் கூட்டினாலோ பிளாஸ்டிக் சுருங்கும்.

அதற்கும் மேலான பகை ஈரம். உப்பைப் போலவே இதுவும் நீர்பட்டால் சிதையும். ஆகவே ஈரம் புகாத உறைக்குள் இதனை அடைத்தல் வேண்டும். மேலும், இதில் சிறிதளவு ஈயம் கலந்திருக்கிறது. உறை கிழிந்தால் மழைநீரோடு அது மண்ணிற் சேரக்கூடும்.

இத்தடைகளுக்கிடையிலும் முயற்சி ஓயவில்லை. 2025-இல் ஒசாகா உலகக் கண்காட்சியில், செக்கிசுயி நிறுவனத்தின் வளையும் படலங்கள் பேருந்து நிலையத்தின் நீண்ட கூரைமேல் பொருத்தப்பட்டன.

நம் கரையில் வீசுவது இரும்பையும் அரிக்கும் உப்புக் காற்று. எனவே, நாளை இப்படலம் நம் கடைத்தெருவுக்கு வரும்போது விலையை மட்டும் கேட்டு வாங்கிவிடலாகாது. இக்காற்றில் எத்தனை ஆண்டு உழைக்கும், பழுதானபின் திரும்பப் பெற்றுக்கொள்பவர் யார் என்னும் இரு கேள்விகளையும் கேட்டல் வேண்டும். அவற்றிற்கு நேர்மையான விடை கிடைக்கும் நாளில், உப்பளத் தொழிலாளியை வாட்டும் அதே வெயில், அவர் பிள்ளைகள் படிக்க இரவில் விளக்கேற்றும்.