வாந்தி பேதி ஒருவரோடு நிற்கட்டும்

மார்கழிக் குளிரில் நள்ளிரவில் குழந்தை திடீரென வாந்தி எடுத்தால், அன்று சாப்பிட்ட பரோட்டா மீதுதான் முதல் சந்தேகம் விழும். பல நேரம் காரணம் வைரஸ். சின்னக் குழந்தைகளை அதிகம் படுத்துவது ரோட்டா. வயது பார்க்காமல் எல்லோரையும் தாக்குவது நோரோ. 2021 நவம்பரில் வயநாடு பூக்கோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு வந்தது இந்த நோரோதான். ஒரே விடுதி, ஒரே சமையல், ஒரே தண்ணீர் என்று வாழும் இடங்களில் அது வேகமாகப் பரவும். நம் வீடும் அப்படிப்பட்ட இடம்தான்.

கொரோனா காலத்தில் பழகிய சானிடைசரை இதற்கு நம்பக்கூடாது. கொரோனா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் பட்டதும் அது சிதைந்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது. சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, ஓடும் தண்ணீரில் 20 வினாடி கழுவினால்தான் கிருமி கையை விட்டுப் போகும். கழிப்பறை போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும், சோறு பிசைவதற்கு முன்பும் இது கட்டாயம்.

வாந்தியைத் துடைக்கும் முறையில்தான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. வாந்தி எடுக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத துளிகள் சுற்றிலும் தெறிக்கும். நோரோ தொற்றுவதற்கு மிகச் சில கிருமிகளே போதும். மற்றப் பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டு, பழைய துணியாலோ செய்தித்தாளாலோ வழித்தெடுத்து, பையில் கட்டி வெளியே போடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 சதவீத பிளீச் திரவம் 50 மில்லி கலந்து, அந்த இடத்திலும் சுற்றிலும் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். பினாயில் இதற்குப் போதாது. பிளீச்சோடு ஆசிட்டையோ கழிப்பறை திரவத்தையோ கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, செல்போன் ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். குளிருக்கு இதமாகச் சூடுபடுத்திய தண்ணீர் கொதித்த தண்ணீர் ஆகாது.

வயிறு கொஞ்சம் சரியானதும் மறுநாளே அடுப்படிக்குப் போகும் அம்மாக்களை நினைத்தால் மனசு கனக்கிறது. உடம்பு தேறாத அவர்களுக்கும் அது கஷ்டம், வீட்டுக்கும் ஆபத்து. வாந்தியும் பேதியும் நின்று இரண்டு முழு நாள் ஆகும்வரை அவர்கள் சமைக்கக்கூடாது. வீட்டில் வேறு யாராவது அடுப்பை ஏற்றுக்கொள்ளட்டும். ஹோட்டலுக்கும் கல்யாணச் சமையலுக்கும் இது சட்டமாகவே இருக்கிறது: உணவால் பரவும் நோயுள்ளவரை சமையலிடத்துக்குள் விடக்கூடாது என்கின்றன 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள். சமையல்காரரை அமர்த்தும்போது இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ரோட்டாவுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6, 10, 14-ஆம் வாரங்களில் வாய்வழியாக, இலவசமாகக் கொடுக்கிறார்கள். தவறவிட்டிருந்தால் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் போய்க் கேளுங்கள்.

நோய் வந்துவிட்டால் உயிரைக் காப்பது ஓஆர்எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் கரைக்க வேண்டும்; பாதிப் பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண்ணளவு வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக ஊட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். பாக்கெட்டும் 14 நாளுக்கான துத்தநாக மாத்திரையும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்.

கடையில் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். சர்க்கரை மிகுந்த பானங்களை 'ஓஆர்எஸ்' என்ற பெயர் ஒட்டி விற்கும் வழக்கம் இருந்தது. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியபின், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தத் தடை விதித்தது. இன்னும் எங்காவது அப்படி விற்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வைரஸ் பேதிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. பேதியைக் கட்டும் மாத்திரையைக் குழந்தைக்குத் தரவே கூடாது. தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போய் நேரத்தை இழக்காதீர்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிந்துவிட்டது, குழந்தை துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம், எதைக் கொடுத்தாலும் உடனே வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். குழந்தையால் குடிக்க முடிந்தால், போகும் வழியிலும் ஓஆர்எஸ்ஸை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.