நாட்பட்ட நோயுள்ள பூனைக்கு உணவூட்டல்

நாட்பட்ட நோயுள்ள பூனைக்கு உணவூட்டல் என்பது, சிறுநீரக நோய், தைராய்டு மிகைச்சுரப்பு, நீரிழிவு, குடல் அழற்சி போன்ற நீண்டகால நோய்களால் மெலிந்துவரும் பூனையின் எடையும் தசையும் குறையாதவாறு உணவைத் தேர்ந்து, அளந்து, ஊட்டும் முறையாகும். இந்நோய்களுள் பல முற்றிலும் குணமாவதில்லை. எனினும் எடை காக்கப்பட்டால் பூனை மேலும் பல மாதங்களோ ஆண்டுகளோ வலுவுடன் வாழ முடியும். எடை இழப்பு தொடர்ந்தால், மருந்து சரியாக இருந்தாலும் பூனை தளர்ந்துவிடுகிறது.

எடை குறைவதன் காரணங்கள்

நோயுற்ற பூனை மெலிவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. ஒன்று, குமட்டல், வாய்ப்புண், பல்வலி, மூக்கடைப்பு ஆகியவற்றால் உண்ணும் அளவு குறைகிறது. இரண்டு, குடல் நோய்களில் உண்ட உணவு உடலில் சேர்வதில்லை. மூன்று, உண்ட உணவை உடல் வீணாக்குகிறது. நீரிழிவில் சர்க்கரை சிறுநீருடன் வெளியேறுகிறது. தைராய்டு மிகைச்சுரப்பில் உடல் அளவுக்கு மீறி எரிபொருளைச் செலவிடுகிறது. ஆகவே ஒரு பூனை நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போனால், அது முதுமையின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

சிறுநீரக நோய் முதிய பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. இந்நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எடை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்கிவிடும்.

எடையைக் கண்காணித்தல்

நான்கு கிலோ எடையுள்ள பூனை 400 கிராம் இழந்தால் அது பத்து விழுக்காடு ஆகும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு கிலோ இளைப்பதற்கு இது சமம். அடர்ந்த மயிர் மறைப்பதால் கண்ணுக்கு இது தெரிவதில்லை. எனவே வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பார்த்து நாட்குறிப்பில் எழுதிவர வேண்டும்.

பத்து கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இதற்கு ஏற்றது. காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில் நூல் நிறுக்கும் தராசு வீட்டிலிருந்தால், அதன் தாங்கும் எடையைப் பார்த்துக்கொண்டு அதையே பயன்படுத்தலாம். பூனையைக் கூடையில் வைத்து நிறுத்து, கூடையின் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். பூனையைத் தூக்கிக்கொண்டு ஆள் நிறுக்கும் எந்திரத்தில் ஏறிப் பார்ப்பது துல்லியமாக இராது.

எடையுடன் தசையையும் தடவிப் பார்க்க வேண்டும். முதுகெலும்பு, தோள்பட்டை, இடுப்பெலும்பு ஆகியவை கூர்மையாகத் தட்டுப்பட்டால் தசை கரைகிறது என்று பொருள். வயிறு தொங்கும் பூனையிடமும் தசை கரைந்திருக்கலாம்.

நாள் ஒன்றுக்கு எவ்வளவு உணவு

ஓய்விலிருக்கும் பூனைக்குத் தேவையான ஆற்றலை எளிதாகக் கணக்கிடலாம். பூனையின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை 30 ஆல் பெருக்கி, 70 ஐக் கூட்ட வேண்டும். மூன்று கிலோ பூனைக்கு 160 கிலோகலோரி. நான்கு கிலோ பூனைக்கு 190 கிலோகலோரி. இது தொடக்க அளவே. எடை குறைந்துகொண்டே வந்தால் அளவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

தோலின்றி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 165 கிலோகலோரியும் 30 கிராம் புரதமும் உண்டு. ஒரு வேகவைத்த முட்டையில் ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகலோரி உண்டு. நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கிலோகலோரி இருந்தாலும் புரதம் மூன்று கிராமுக்கும் குறைவே. பால் சோறும் தயிர் சோறும் வயிற்றை நிரப்புகின்றன. தசையைக் காப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

பூனையின் தேவையும் வீட்டு உணவும்

பூனை புலால் உண்டே வாழ வேண்டிய விலங்கு. டாரின் என்னும் சத்தைத் தனக்கு வேண்டிய அளவு அதன் உடலால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. டாரின் குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும். இதயத் தசை தளரும். இதயத் தளர்ச்சிக்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1987 இல் அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதன் பிறகே பூனை உணவுகளில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது.

கோயில் நகரமான காஞ்சிபுரத்தில் சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் பலவும் பூனை வளர்க்கின்றன. வீட்டில் புலால் சமைக்க விரும்பாதவர்கள், பவுச் என்று கடைகளில் விற்கும் ஈர உணவையோ, முழுமையான சத்துள்ளது என்று குறிக்கப்பட்ட உலர் உணவையோ கொடுக்கலாம். நாய் உணவு பூனைக்குப் போதாது. வெறும் கோழிக்கறியும் மீனும் மட்டும் நீண்ட நாள் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறையும். எனவே வீட்டு உணவையே முழு உணவாக்க விரும்புவோர் சேர்க்க வேண்டிய சத்துகளைக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நோய்க்கேற்ற உணவு

சிறுநீரக நோய்: பாஸ்பரஸ் குறைந்த, நீர் மிகுந்த உணவு தேவை. எலும்பு, ஈரல், கருவாடு, முள்ளோடு கூடிய சிறுமீன் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இதற்கெனத் தயாரிக்கப்படும் சிறுநீரக உணவு நோயின் போக்கைத் தாமதப்படுத்துகிறது. பழைய உணவுடன் சிறிது சிறிதாகக் கலந்து சில வாரங்களில் மாற்ற வேண்டும். பூனை அதைத் தொட மறுத்தால் பட்டினி போடக் கூடாது. உண்ணாத சிறந்த உணவைவிட, உண்ணும் சாதாரண உணவே மேல்.

நீரிழிவு: மாவுச்சத்துக் குறைந்த, புரதம் மிகுந்த ஈர உணவு ஏற்றது. சோறு கூடாது. பூனை சாப்பிடாத வேளையில் மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான அளவு இன்சுலின் போடக் கூடாது.

தைராய்டு மிகைச்சுரப்பு: மருந்து சரிவர அமையும்வரை எவ்வளவு உணவு கொடுத்தாலும் எடை கூடுவது அரிது. மருந்துடன் புரதம் மிகுந்த உணவை அடிக்கடி தர வேண்டும். சிறுநீரக நோயும் சேர்ந்திருந்தால் உணவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பசியைத் தூண்டும் வழிகள்

பூனை சுவையைவிட மணத்தையே நம்பி உண்கிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உணவை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து உடற்சூட்டுக்கு, அதாவது சுமார் 38 பாகைக்குக் கொண்டுவந்தால் மணம் எழும். உப்பும் மசாலாவும் இல்லாத கோழி வெந்த நீரை மேலே ஊற்றலாம். ஒரே நாளில் இருவேளை நிறையக் கொடுப்பதைவிட, ஆறு முதல் எட்டு முறை சிறிது சிறிதாகக் கொடுப்பது நல்லது. மணல் பெட்டிக்கு அருகில் உணவை வைக்கக் கூடாது.

வெயில் காலத்தில் ஈர உணவை ஒரு மணி நேரத்திற்கு மேல் வெளியில் விடக் கூடாது. எறும்பு ஏறாமலிருக்க, நீர் ஊற்றிய தட்டின் நடுவே கிண்ணத்தை வைக்கலாம். கசப்பு மருந்தை அன்றாட உணவில் கலந்தால் பூனை அந்த உணவையே வெறுத்துவிடும். மருந்தைத் தனியே கொடுக்க வேண்டும்.

குமட்டல் உள்ள பூனை கிண்ணத்தருகே வந்து முகர்ந்துவிட்டு, நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிவிடும். இதைப் பிடிவாதம் என்று கருதக் கூடாது. குமட்டலை நிறுத்த மாரோபிட்டன்ட் என்னும் மருந்தும், பசியைத் தூண்ட மிர்டசபின் என்னும் மருந்தும் கால்நடை மருத்துவர்களால் தரப்படுகின்றன. பூனையின் எடை இழப்புக்கென, காதில் தடவும் மிர்டசபின் களிம்புக்கு 2018 இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

உண்ணாமலே இருந்தால்

இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உண்ணாத பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்து நேரிடலாம். பருத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். எனவே ஒரு முழுநாள் எதுவும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

ஊசி நீக்கிய சிரிஞ்சில் கூழாக்கிய உணவைக் கொடுப்பவர்கள் வாயின் ஓரத்தில் ஒரு மில்லிலிட்டர் அளவில் விட்டு, விழுங்கியபின் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். தலையை மேலே நிமிர்த்திப் பிடித்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். பூனை போராடினால் நிறுத்திவிட வேண்டும். நீண்ட நாள் தேவைப்பட்டால் கழுத்து வழியாக உணவுக்குழலில் பொருத்தும் குழாய் இதைவிடத் துன்பம் குறைந்தது. பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, மூன்று நான்கு நாளில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

- வெங்காயம், பூண்டு: இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். குழம்பு, ரசம் கலந்த சோறும் இதில் அடங்கும்.
- பச்சை மீன்: சில மீன்களில் உள்ள நொதி தயாமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும். வேகவைத்தால் இந்தத் தீங்கு நீங்கும்.
- பசும்பால்: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கி மேலும் மெலியச் செய்யும்.
- பாரசிட்டமால்: ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும்.
- நூல்: பட்டு நூலையும் சரிகைத் துண்டையும் பூனை விழுங்கினால் குடல் சுருங்கி வாந்தியும் எடை இழப்பும் ஏற்படும். தறி இருக்கும் அறையைக் கூட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கக் கூடாது, குடல் கிழிந்துவிடும்.

மருத்துவ உதவி

தொடக்கநிலைச் சிகிச்சைக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை அணுகலாம். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால், 1903 இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்குச் செல்லலாம். செல்லும்போது எடைக் குறிப்பையும், உண்ட உணவின் அளவையும், வாந்தி எடுத்த நாட்களையும் எழுதி எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.

எல்லாம் செய்தும் பூனை உணவை மறுத்து, தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வதையும் விட்டு, இருட்டு மூலையில் ஒதுங்கிக் கிடந்தால், உணவை வற்புறுத்துவது அதற்கு நன்மை தராது. அந்நிலையில் வலியின்றி வைத்திருப்பது பற்றி மருத்துவருடன் பேசி முடிவெடுக்க வேண்டும்.