தோட்ட நாவலும் சட்டம் வகுத்த இன எல்லைகளும்

முன்னுரை

மலேசியத் தமிழ் நாவல்களில் இரப்பர்த் தோட்டம் மீண்டும் மீண்டும் களமாக அமைகிறது. குன்றின்மேல் துரையின் பங்களா, அதன் கீழே கிராணியார் வீடு, அதற்கும் கீழே தொழிலாளர் லயம், பெரட்டுக்களம், தோட்டப்பள்ளி, கோயில், கள்ளுக்கடை என்னும் இவ்வமைப்பு, இந்நாட்டுத் தோட்டத் தமிழரைப் பற்றித் தமிழக எழுத்தாளர் அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' போன்ற நாவல்களைப் பயில்வோர்க்குப் பழகிய ஒன்று. இந்நாவல்களை வகுப்பில் பயிற்றும்போது, "இம்மக்கள் ஏன் தோட்டத்தைவிட்டு வெளியேறவில்லை?" என மாணவர் வினவுவதுண்டு. கல்லாமை, குடிப்பழக்கம், அடங்கிப்போகும் இயல்பு என்று விடை கூறிவிடுவதும் உண்டு. இவ்விடை கதைமாந்தர்மீது பழியைச் சுமத்திவிடுகிறது. காலனித்துவ மலாயாவின் சட்டங்களை உடன்வைத்து நோக்கினால் வேறொரு விடை கிடைக்கும் என்பதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரிடப்படாத பிரிவினை

சட்டவழி இனப்பிரிவினை என்றதும் தென்னாப்பிரிக்காவே நினைவுக்கு வரும். அங்கு 1950-இல் இயற்றப்பட்ட குழுப் பகுதிச் சட்டம் இன்ன இனத்தார் இன்ன பகுதியில் வாழவேண்டும் என வெளிப்படையாக விதித்தது. எனினும், 1948-இல் வெளிவந்த ஆலன் பேட்டனின் புகழ்பெற்ற நாவலுக்கு இச்சட்டம் பின்னணியன்று. அதற்கு முந்திய 1913ஆம் ஆண்டு நிலச்சட்டம் போன்றவையே பின்னணி. பிரிவினை முழுவடிவம் பெறும் முன்னரே நிலம், தொழில் பற்றிய சட்டங்களின் வழியாக அது வேரூன்றிவிடுகிறது என்பதை இது காட்டும்.

மலாயாவில் 'பிரிவினை' என்ற பெயரில் ஒரு சட்டமும் இயற்றப்படவில்லை. ஆயினும் குடியேற்றம், கூலி, பள்ளி, நிலம், அரசுப்பதவி ஆகிய ஒவ்வொன்றிலும் சட்டமும் அரசு விதியும் மனிதரை இனவாரியாகவே கணக்கிட்டன. தனித்தனியே நோக்கும்போது இவை நிர்வாக ஏற்பாடுகளாகத் தோன்றும். ஒன்றுசேர்த்து நோக்கும்போது தோட்டத்தைச் சுற்றி எழுந்த வேலியாகப் புலப்படும்.

கூலியும் கல்வியும்

1907-இல் இந்தியக் குடியேற்றக் குழுவும் தமிழர் குடியேற்ற நிதியும் அமைக்கப்பட்டன. முதலாளிமார் செலுத்திய தீர்வையிலிருந்து தென்னிந்தியத் தொழிலாளரின் கப்பற்செலவு ஏற்கப்பட்டது. பின்னர், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இந்தியத் தொழிலாளர்க்கு நிலையான கூலியை வரையறுக்க வழிவகுத்தது. கூலிக்குக் கீழ்வரம்பு கட்டுவதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. நடைமுறையிலோ அதுவே மேல்வரம்பாகவும் ஆயிற்று. ஒரே மரத்தில் பால்வெட்டிய சீனத் தொழிலாளிக்கு ஒப்பந்தக் கூலி, தமிழ்த் தொழிலாளிக்குக் குழு விதித்த கூலி, தமிழ்ப் பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி என்ற நிலை உருவாயிற்று.

தொழிலாளர் சட்டம் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேருக்குமேல் வாழ்ந்த தோட்டங்களில் பள்ளி அமைக்கவும் வழிசெய்தது. இந்நாட்டுத் தமிழ்க்கல்வி நிலைபெற்றதில் இவ்விதிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் தோட்டப்பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றது. எழுத்தர் வேலைக்குரிய ஆங்கிலப்பள்ளி பட்டணத்தில் இருந்தது. ஆகவே, தமிழை வாழவைத்த பள்ளியே தொழிலாளியின் பிள்ளையைத் தோட்டத்திலேயே நிறுத்தும் அமைப்பின் ஒரு பகுதியாகவும் இருந்தது. தமிழாசிரியர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நிலமும் பதவியும்

கோலாலம்பூரில் மலாய்க்காரர்க்கென 1900ஆம் ஆண்டளவில் கம்போங் பாரு ஒதுக்கப்பட்டது. 1913-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்களில் மலாய் ஒதுக்கீட்டு நிலச்சட்டம் இயற்றப்பட்டது. தென்னாப்பிரிக்க நிலச்சட்டமும் அதே ஆண்டில் தோன்றியது. இரண்டின் நோக்கமும் வேறு. அங்குப் பெரும்பான்மைக் கறுப்பினத்தாரின் நிலவுரிமை பறிக்கப்பட்டது. இங்கு இரப்பர் விலையேற்றத்தில் மலாய்க்காரரின் நிலம் கைமாறிப் போகாமல் காப்பது நோக்கமாகக் கூறப்பட்டது. எனினும் நிலத்தை இனத்தோடு பிணைக்கும் சிந்தனை இரண்டிற்கும் பொது. தோட்டத்து மண்ணோ கம்பெனிக்கு உரியது. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும்.

மலாயா ஆட்சித்துறையின் உயர்பதவிகளில் ஐரோப்பிய வழித்தோன்றலுக்கே இடம் என 1904 முதல் விதி இருந்தது. துரை கம்பெனி ஊழியரே என்றாலும், அவர்மீதான முறையீட்டை விசாரிக்கவேண்டிய உயரதிகாரியும் அவர் இனத்தவரே. நகரத்திலும் பணிப்படிநிலை குடியிருப்பை வகுத்தது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே முதலிய துறைகளின் ஊழியர்க்கென எழுந்து, 2014-இல் இடிக்கப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' அக்காலத்தின் சின்னமாக விளங்கியது. அங்கு வாழ்ந்த எழுத்தர் குடும்பத்துக்கும் கிள்ளான் தோட்டத்து லயத்துக்கும் மொழி ஒன்றாயினும் உலகம் வேறாக இருந்தது.

கிள்ளான், 1941

இவ்வேலியின் வடிவத்தைத் தொழிலாளர் தாமே வரைந்துகாட்டிய ஆவணம், 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைப் பட்டியலாகும். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் துணையோடு எழுந்த அப்போராட்டத்தில், சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி கேட்கப்பட்டது. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வரும் உரிமை, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியனவும் கேட்கப்பட்டன. துரையோ கிராணியோ எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல விடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் எச்சட்டத்தினாலும் வந்ததன்று. ஆனால் வீடும் கூலியும் வருவோரும் போவோரும் ஒருவர் கைக்குள் அடங்கியிருக்கும் இடத்தில் வழக்கமே சட்டத்தின் வலிமையைப் பெற்றுவிடுகிறது. மே மாதத்தில் நாதன் கைதுசெய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படையினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். கள்ளுக்கடையை மூடுமாறு கேட்டவர்களும் தொழிலாளரே என்பதைக் குடிப்பழக்கத்தைக் காரணங்காட்டுவோர் கருதல் வேண்டும்.

முடிவுரை

தோட்ட நாவலைப் பயிற்றும் ஆசிரியர் ஒவ்வொரு காட்சியிலும் மூன்று வினாக்களை எழுப்பலாம். இவ்வீடு யாருடையது? இக்கூலியை விதித்தவர் யார்? இவ்வழியே நுழைய யாருடைய இசைவு வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவர், கதைமாந்தரின் மௌனத்தை இயல்பின் குறையாகக் கொள்ளாமல், சட்டமும் வழக்கமும் சேர்ந்து சுமத்திய நிலையாக உணர்வர். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 'லாடாங்' என்னும் சொல்லோ சில தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அப்பெயரின் வரலாற்றைக் கேட்டறியும் உரிமை அப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு உண்டு. அதனை நாவலின் வழியே எடுத்துரைப்பது நம் கடமையாகும்.