கட்டில் உயரத்தில் இருக்கிறது ஆபத்து: செவிலியருக்கு முதுகு வலி, நோயாளிக்கு எலும்பு முறிவு

புதுதில்லி: தலைநகரின் அரசு மருத்துவமனைகளில் பொது வார்டுக்குள் நுழைவோர் கண்ணில் அடிக்கடி படும் காட்சி இது. படுக்கையில் கீழே சரிந்துவிட்ட நோயாளியை, அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்கிறார் செவிலியர். மறுபுறம் இழுப்பவர் நோயாளியின் மகன் அல்லது மனைவி. அன்றாடம் பலமுறை நடக்கும் சாதாரண வேலைதான். ஆனால், செவிலியர்களின் முதுகு வலிக்கும், பக்கவாத நோயாளிகளின் தோள் மூட்டு விலகலுக்கும் இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று.

பொது வார்டில் 6 படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுக் குழு வகுத்த அளவுகோல். நடைமுறையில் இதைவிட அதிகமானோரை ஒருவரே கவனிக்க நேரிடுகிறது. உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருக்க முடியாத நிலையில், தனியாகக் குனிந்து தூக்குவது வழக்கமாகிவிட்டது.

எடைக்கு வரம்பு: நோயாளியைக் கையால் தூக்கும் ஒருவர் அதிகபட்சம் சுமார் 16 கிலோ எடையை மட்டுமே தாங்கலாம் என்று அமெரிக்க தேசிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் பரிந்துரைத்தார். 60 கிலோ எடையுள்ள நோயாளியை இருவர் தூக்கினாலும் ஒருவருக்கு 30 கிலோ வருகிறது. குனிந்தோ, உடலைத் திருப்பியோ தூக்கினால் 16 கிலோவும் அதிகம்தான்.

முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள 'டிஸ்க்' எனப்படும் வட்டுகளில் ஏற்படும் அழுத்தத்தை சுவீடன் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களிலேயே நேரடியாக அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிட முன்புறம் குனியும்போது அழுத்தம் கூடுவதும், குனிந்தபடி எடை தூக்கும்போது அது மேலும் உயர்வதும் அதில் தெரியவந்தன.

ஒரே கட்டில், இரு தேவை: செவிலியர் குனியாமல் பணிபுரிய, படுக்கை அவரது இடுப்பளவு உயரத்தில் இருக்க வேண்டும். நோயாளி விழாமல் இறங்க, அவரது பாதங்கள் தரையில் முழுமையாகப் பதியும்படி முழங்கால் அளவுக்கு அது தாழ்ந்திருக்க வேண்டும். பொது வார்டுகளில் உள்ள பெரும்பாலான கட்டில்களில் கைப்பிடியைச் சுழற்றினால் தலைப்பகுதியோ கால்பகுதியோ உயரும். கட்டிலின் உயரம் மாறாது. எனவே செவிலியரும் குனிகிறார். நோயாளியும் கால் எட்டாமல் சறுக்கி இறங்குகிறார். பக்கக் கம்பிகளும் முழுப் பாதுகாப்பு அல்ல. மனக்குழப்பத்தில் உள்ள முதியவர் கம்பியைத் தாண்ட முயன்றால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். உயரத்தை மாற்றக்கூடிய கட்டில் இருந்தால், பணியின்போது உயர்த்தி, முடிந்ததும் தாழ்த்துவதே முறை.

வீடுகளில் நிலை: 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். இவர்களில் நோயுற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களையே சேர்கிறது. வட மாநிலங்களில் பரவலாக உள்ள கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதால், முதியவர் தாமாக எழுவது கடினம். தாழ்வான சோபாவிலும் இதே சிக்கல். கட்டிலை உயர்த்தக் கால்களுக்கு அடியில் செங்கல் வைப்பது, கட்டில் ஆடிச் சரிய வழிவகுக்கும். கால் பொருந்தும் பள்ளமுள்ள மரக்கட்டையே ஏற்றது. கழிப்பறையில் துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. சுவரில் உறுதியாகப் பொருத்திய கைப்பிடி தேவை.

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள மூத்த குடிமக்களுக்கு உதவி உபகரணங்களை இலவசமாக வழங்க 2017-ல் மத்திய அரசு 'ராஷ்ட்ரீய வயோஸ்ரீ' திட்டத்தைத் தொடங்கியது. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'அலிம்கோ' நிறுவனம் மூலம் ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி ஆகியன வழங்கப்பட்டன. கழிப்பிட வசதியுள்ள நாற்காலியும் பின்னர் பட்டியலில் சேர்ந்தது.

செலவில்லா முறைகள்: நோயாளியை அக்குளில் பிடித்து இழுக்காமல், அவருக்கு அடியில் மடித்து விரித்த போர்வையை இருபுறமும் பற்றி நகர்த்தலாம். எழுப்பும்போது முதலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால், கால்களின் எடையே மேலுடலை நிமிர்த்த உதவும். உட்கார்ந்ததும் சில நிமிடம் பொறுத்தே நிற்க வேண்டும். உடனே எழுந்தால் ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். சக்கர நாற்காலியில் அமரவோ எழவோ செய்யும் முன் அதன் இரு பிரேக்குகளையும் பூட்ட வேண்டும். உணவு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார வைத்தால் புரையேறும் ஆபத்து குறையும்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்துச் சீட்டு தவறாமல் தரப்படுகிறது. அவரை எப்படித் தூக்குவது, எந்த உயரத்தில் படுக்க வைப்பது என்பதையும் குடும்பத்தினருக்குச் செய்துகாட்ட மருத்துவமனைக்கு அரை மணி நேரம் போதும்.